பாஸ்கல் ஏற்றின சனிக்கிழமை

ஹட்டன்,
12.10.1986

அன்பு அத்தானுக்கு,

ஒங்க பெட்டி பத்திரமா வந்து சேந்துச்சு. மஸ்கட்ல ஒங்க ரூம்ல இருக்குற நோர்வூட்காரரு, லீவுல வந்த கையோட வீடு தேடி வந்து குடுத்தாரு. பால்மா, சவர்க்காரம், எனக்குச் சீலை, எல்லாம் இருக்கு. அடியில அந்தக் கம்ப்யூட்டர். அட்டைப் பெட்டி மேல ‘நான் வரும்வரை திறக்க வேண்டாம்’னு ஒங்க எழுத்து.

தெறந்துட்டேன்.

ஒடனே இல்ல. கொஞ்ச நாள் அலுமாரி மேலதான் இருந்துச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பிள்ளைகளோட கணக்குக் கொப்பி திருத்த உக்காந்தா, கண்ணு தன்னால மேல போகுது. நீங்க வர அடுத்த வருசம் ஆடி மாசம் ஆகும். அதுவரைக்கும் கணக்குப் படிப்பிக்கிற ஒருத்தி வீட்டுல இப்படி ஒரு மெசின் வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்கணுமா? கோவப்படாதீங்க அத்தான். பொலித்தீனை நகத்தாலகூடக் கிழிக்கல, கத்தரிக்கோலால நூல் பிடிச்ச மாதிரி வெட்டினேன்.

டீவி நமக்கு இல்லையே. வீட்டுச் சொந்தக்கார மனோரஞ்சிதம் அக்காகிட்ட கேட்டேன். அவங்க வீட்டுக்காரரு பகல்ல புடவைக் கடையில இருப்பாரு, “அந்த நேரம் வா, எனக்கும் காட்டு”ன்னாங்க. வயரைக் குத்தி, புத்தகத்தைப் பாத்து ஒவ்வொரு எழுத்தா அமுக்கினேன். ரப்பர் பொத்தான், அமுக்கினா பிள்ளையோட காதுமடல் மாதிரி மெத்துனு இருக்கு. கடைசிப் பொத்தானை அமுக்கின ஒடனே திரை முழுக்க என் பேரு! தெரேசா தெரேசா தெரேசான்னு மேல இருந்து கீழ வரைக்கும். அக்கா, “நிப்பாட்டு நிப்பாட்டு, டீவி கெட்டுடப் போகுது”ன்னு கத்துனாங்க. எனக்கு நிப்பாட்ட மனசில்ல.

இன்னொண்ணு. பஜார்ல ரேடியோ திருத்துற கடைக் கண்ணாடியில ஒரு நோட்டீஸ் பாத்தேன். கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்க ஒரு வட்டம் ஆரம்பிச்சிருக்காங்களாம். மாசத்துல முதல் சனிக்கிழமை கோயில் பங்கு மண்டபத்துல கூடுறாங்க. ப்ரோகிராம் எழுதிப் பழகலாம், ஒருத்தர்கிட்ட இருக்கிறதை மத்தவங்க மெசின்ல ஏத்திக்கலாம். நடத்துறது ஜோர்ஜ்னு மின்சார நிலையத்து இஞ்சினியர் ஒருத்தர். அடுத்த கூட்டத்துக்கு அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு நினைக்கிறேன். மெசினை எடுத்துக்கிட்டு.

ஒங்க சளி எப்படி இருக்கு? ஏசியில இருந்து வெயிலுக்கு ஓடாதீங்க.

ஒங்க
தெரேசா

—

ரூவி, மஸ்கட்,
27.10.1986

தெரேசாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெட்டியைத் திறந்து விட்டாய் என்று அறிந்தேன். திறந்ததைத் திரும்ப மூட முடியாது. ஆகவே அது பற்றி அதிகம் எழுதவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எழுதத்தான் வேண்டும். அந்த மெசினை வாங்குவதற்கு முன் பல மாதம் அந்தக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். கடைக்காரன் என் முகம் பார்த்தே சிரிக்கத் தொடங்கிவிட்டான். வாங்கிய பிறகும் இங்கே திறக்க இடமில்லை. ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களில் படுக்கிறோம், மேசை கிடையாது. அதனால்தான் அனுப்பினேன். ஊருக்கு வந்து, கை கழுவி, நானே அந்தப் பொலித்தீனை வெட்டி எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். திரையில் முதலில் வந்த பெயர் உன்னுடையது. சரி.

இங்கே களஞ்சியத்தில் சாமான் கணக்கு முழுவதும் நான் கையால்தான் எழுதுகிறேன். எழுதியதை ஏசி அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் பெற்றீசியா என்ற கோவாப் பெண் கம்ப்யூட்டரில் அடிப்பார். நல்ல மனுசி. போன வாரம் என்னைப் பக்கத்தில் இருத்தி, ஒரு சாமானின் எண்ணை அடித்தால் எப்படி அதன் விவரம் வருகிறது என்று காட்டினார். நான் விரைவாகப் பிடித்துக்கொள்வதாகப் பெற்றீசியா சொல்கிறார். ஆறு மாதம் பழகினால் அந்த அறையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும் என்பது பெற்றீசியாவின் எண்ணம்.

அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டாம். மெசினை வெளியே எடுக்கவே வேண்டாம். நாட்டு நிலைமை உனக்குத் தெரியும். வயரும் பெட்டியுமாக ஒரு தமிழ்ப் பெண் ரோட்டில் போனால் என்ன நினைப்பார்கள்? ஜோர்ஜ் என்பவர் யார், எந்த ஊர், எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

சளி பரவாயில்லை.

இக்னேசியஸ்

—

ஹட்டன்,
9.11.1986

அன்பு அத்தானுக்கு,

ஒங்க கடிதாசி வந்து சேர்றதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிருச்சு. போயிட்டு வந்துட்டேன். பொய் சொல்ல விரும்பல. முன்னாடி வந்திருந்தாலும் போயிருப்பேனோ என்னவோ.

நீங்க பயந்தது சரிதான். தலகாணி உறைக்குள்ள மெசினை வச்சு, அக்கா கெசட் ரேடியோவைத் தூக்கிக்கிட்டு வர, ரெண்டு பேரும் நடந்து போனோம். பஸ் ஸ்டாண்டுகிட்ட பொலிஸ் மறிச்சாங்க. “மே மொகக்த?”, இது என்னன்னு கேட்டு உறையைத் தெறக்கச் சொன்னாரு ஒருத்தர். எனக்குச் சிங்களம் சரளமா வராது. அக்காதான் கடையில சிங்களம் பேசிப் பேசிப் பழகினவங்களாச்சே, “டீவியில டைப் அடிக்கிற மெசின் மாத்தயா, இந்த நோனா பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிறாங்க”ன்னு சொன்னாங்க. அவரு ஒரு பொத்தானை அமுக்கிப் பாத்தாரு. ரப்பர்னு தெரிஞ்சதும் சிரிச்சுக்கிட்டு விட்டுட்டாரு.

மண்டபத்துல மேசையில நாலஞ்சு மெசின். ஒரு பேங்க் ஆபீசர், ஒரு அச்சுக்கூடக்காரர், பூண்டுலோயா பக்கம் தேயிலை பெக்டரியில வேலை செய்ற ஒரு சிங்களத் தம்பி. மெசினோட வந்த பொம்பள நான் ஒருத்திதான். ப்ரோகிராமெல்லாம் கெசட்டுலதான் இருக்கு. அதை ஓட விட்டு வயர் வழியா மெசினுக்குள்ள ஏத்தணும். அந்தச் சத்தம் இருக்கே, பூனையைக் கழுத்துல பிடிச்சுத் தூக்கின மாதிரி கீய்ய்ய்ன்னு கத்துது. எனக்கு ஏறவே இல்ல. ஜோர்ஜ் வந்து, “சத்தம் கூடினாலும் ஏறாது, கொறஞ்சாலும் ஏறாது. ஏறுன எடத்துல ஒரு அடையாளம் போட்டு வச்சுக்குங்க”ன்னாரு. அக்கா ஹேண்ட்பேக்ல இருந்து நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸ் எடுத்து ரேடியோ திருகுல ஒரு செகப்புப் பொட்டு வச்சுட்டாங்க.

அவரு யாருன்னு கேட்டீங்களே. லக்சபான பக்கம் குவாட்டர்ஸ்ல இருக்காரு. நம்ம பங்குக்குத்தான் பூசைக்கு வர்றாரு. மெதுவாப் பேசுவாரு. யாராவது பிழை விட்டா, ஒடனே திருத்தாம, “நீங்க என்ன நினைச்சு இப்படிப் போட்டீங்க?”ன்னு கேட்டுட்டுக் காத்துக்கிட்டு இருப்பாரு. என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல.

ஜனவரிக் கூட்டத்துல ஒரு பெரிய விசயம் இருக்கு. சிங்கப்பூர்ல இருக்கிற அவரு அண்ணன், பாஸ்கல்னு ஒரு புது மொழியைக் கெசட்டுல அனுப்பியிருக்காராம். மெசினோட வந்த பேசிக் மொழி, நாம எழுதினதை வரி வரியா வாசிச்சு வாசிச்சுச் செய்யும். பாஸ்கல் முழுசையும் மொதல்ல வாசிச்சு, பிழை இருந்தா சொல்லி, எல்லாம் சரின்னாதான் ஓடும். ஓடினா மின்னல் வேகமாம். அன்னைக்கு எல்லாரோட மெசின்லயும் அதை ஏத்தப் போறாங்க. நான் பேரு குடுத்திருக்கேன்.

அப்புறம், அந்த பெற்றீசியா. ஒங்க கடிதாசியில எனக்கு ஒரு வரி, சளிக்கு ஒரு வரி, மிச்சமெல்லாம் அவங்க. பக்கத்துல இருத்தினாங்கன்னா எவ்வளவு பக்கத்துல? நான் கேக்கிறதுல தப்பில்லையே. கல்யாணம் ஆயிட்டா அவங்களுக்கு?

தெரேசா

—

ரூவி,
25.11.1986

தெரேசா,

பெற்றீசியாவுக்கு வயது நாற்பதுக்கு மேல். விதவை. இது போதுமா?

இப்போது நான் கேட்கிறேன். ஜோர்ஜுக்கு வயது என்ன? கல்யாணம் ஆகிவிட்டதா? அவர் மெதுவாகப் பேசுகிறார், காத்திருக்கிறார், பூசைக்கு வருகிறார் என்று எழுதத் தெரிந்த உனக்கு இந்த இரண்டு விவரமும் எழுதத் தெரியாமல் போனது எப்படி? உன்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் வாசித்துவிட்டு, சாப்பிடாமல் படுத்தேன். நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லையா? நாங்கள் ராகலையில் உன்னைப் பெண் பார்த்த அன்று, உனக்குச் சம்மதமா என்று உன் அப்பாவைத் தாண்டி உன்னிடமே கேட்டவன் யார்?

பொலிஸ் மறித்ததை நீ வேடிக்கை போல் எழுதுகிறாய். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் நம் கடை வீதி எரிந்ததைப் பார்த்தவள் நீ. அடுத்த முறை அந்தப் பொலிஸ்காரர் சிரிக்காவிட்டால்?

என் அண்ணனுக்கும் எழுதியிருக்கிறேன். திம்புள்ளத் தோட்ட ஒபிசில் அவர் தலைமைக் கிளாக்கர், அவர் குவாட்டர்சில் இடம் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது. மெசின் அங்கே இருக்கட்டும். அவர் வந்து கேட்கும்போது கொடுத்துவிடு. ஜனவரிக் கூட்டம் உனக்கு வேண்டாம்.

நத்தார்ப் பண்டிகைக்கு உனக்கு அனுப்ப ஒரு கைக்கடிகாரம் பார்த்து வைத்திருக்கிறேன்.

இக்னேசியஸ்

—

ஹட்டன்,
4.1.1987

அத்தானுக்கு,

ஒங்க அண்ணன் வந்தாரு. கூட்டத்துக்கு மொத நாள் பாத்து வந்தாரு. அது தற்செயல்னு நான் நம்பணுமா?

உள்ள வந்து உக்காரக்கூட இல்ல. “தங்கச்சி, தம்பி சொல்லி விட்டுட்டான். எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. எடுத்துக் குடுத்துடு”ன்னாரு. “நாளைக்கு ஒரு நாள் மட்டும் இருக்கட்டும் பெரியத்தான், திங்கக்கெழமை நானே தோட்டத்துக்குக் கொண்டாந்து தர்றேன்”னு கெஞ்சினேன். அக்காவும் வாசல்ல நின்னுக்கிட்டுச் சொன்னாங்க. “ஆம்பளைங்க கூட்டத்துல ஒனக்கு என்னம்மா வேலை?”ன்னு கேட்டாரு. அதுக்கு மேல நான் கெஞ்சல. எடுத்துக் குடுத்துட்டேன்.

கரண்ட் பெட்டியைக் குடுக்கல. அந்தக் கறுப்பு அடாப்டர். மெசினோட வந்த அதைக் குத்தினாத்தான் ஓடும். அதை மெத்தைக்கு அடியில தள்ளிட்டேன். அவரும் கேக்கல, தெரியாது அவருக்கு. எனக்கு இல்லைன்னா யாருக்கும் ஓட வேணாம். இதையும் நான் மறைக்க விரும்பல.

கூட்டத்துக்குப் போனேன். வெறுங்கையோட. கையில ஒரு வெத்துக் கெசட் மட்டும். எல்லாரு மெசின்லயும் வரிசையா பாஸ்கல் ஏறுச்சு. அச்சுக்கூடக்காரருக்கு மூணு தரம் அறுந்து, நாலாவது தரம் ஏறினப்ப அவரு எழும்பி நின்னு கை தட்டினாரு. நான் பின்னால உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு வந்த பொறாமை இருக்கே அத்தான், அந்த மனுசன் கை தட்டினது எனக்குக் காதுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நல்ல மனுசன், ஒரு பிழையும் செய்யல. ஆனா அவரு மெசின் அறுந்தே போகட்டும்னு நான் மனசுக்குள்ள வேண்டினேன். கோயில் மண்டபத்துல உக்காந்துக்கிட்டு.

ஜோர்ஜ் என்கிட்ட மெசின் எங்கன்னு கேட்டாரு. வீட்டுல வேல இருக்குன்னு ஒளறினேன். அவரு மேல ஒண்ணும் கேக்காம, தன் மெசினை என் பக்கம் திருப்பி வச்சுட்டு, “இதுல எழுதிப் பாருங்க, நான் தேத்தண்ணி எடுத்துட்டு வாறேன்”னு எழும்பிப் போயிட்டாரு.

வயசு முப்பத்தி ரெண்டு. கல்யாணம் ஆகல. நீங்க கேட்டீங்க, நான் விசாரிச்சுட்டேன். கேக்கிற வரைக்கும் எனக்கு அது தோணவே இல்ல. இப்ப அவரு பக்கத்துல வந்தா நானே நாற்காலியைத் தள்ளிப் போடுறேன். அதுவும் நீங்க செஞ்சது.

கைக்கடிகாரம் வந்துச்சு. கட்டல.

தெரேசா

—

ரூவி,
20.1.1987

தெரேசா,

வெறுங்கையோடும் போனாய். அவர் மெசினில் உட்கார்ந்தாய். என் மெசின் இல்லாவிட்டால் அவர் மெசின். இதற்கு நான் என்ன அர்த்தம் எடுக்க வேண்டும்?

நான் இங்கே இரும்புத் தட்டுக்களுக்கு நடுவில், கோடையில் ஐம்பது பாகை வெயிலில், யாருக்காக நிற்கிறேன்? நீ ஒரு மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு புது மொழி படிப்பதற்காகவா?

ஹட்டன் வீட்டைக் காலி செய். அடுத்த மாத முடிவுக்குள் அண்ணன் குவாட்டர்சுக்குப் போய்விடு. பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்து பஸ் இருக்கிறது. அண்ணனுக்கும் அறிவித்து விட்டேன். மனோரஞ்சிதம் அக்காவுக்கும் தனியாக எழுதுகிறேன்.

இது என் முடிவு.

இக்னேசியஸ்

—

ஹட்டன்,
8.2.1987

அத்தானுக்கு,

நான் வீட்டைக் காலி செய்யல. மனோரஞ்சிதம் அக்காவுக்கு நீங்க எழுதினதை அவங்க என்கிட்டயே குடுத்து வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சேன். “இந்த வீடு என் வீட்டுக்காரருது. யாரு இருக்கணும்னு நாங்க சொல்லுவோம்”னு சொல்லிட்டு, ரசம் ஊத்திக் குடுத்தாங்க.

ஒரு கெட்ட சேதி. மெசின் போயிருச்சு.

ஒங்க அண்ணன் தோட்டத்துப் பெரிய தொரைக்குக் காட்டணும்னு பங்களாவுக்கு எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. தம்பி வெளிநாட்டுல இருந்து கம்ப்யூட்டர் அனுப்பியிருக்கான்னு சொல்லிப் பெருமைப்பட்டிருக்காரு. அடாப்டர் இல்ல. தன் ரேடியோ அடாப்டர் ஒண்ணு அதே ஓட்டையில சரியாப் போச்சுன்னு குத்திட்டாரு. அதுல கரண்ட் தலைகீழா வருமாம். தொர, தொரச்சாணி எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கக்குள்ள கருகின வாடை வந்து, டீவி வெறும் வெள்ளையா நின்னுருச்சு.

நேத்து அவரே கூட்டத்துக்குத் தூக்கிக்கிட்டு வந்தாரு. தினகரன் பேப்பர்ல சுத்தி. என் மூஞ்சியைப் பாக்கல. ஜோர்ஜ் திருகாணியைக் கழட்டிப் பாத்துட்டு, ஞாபகம் வச்சுக்கிற சில்லுங்க எட்டும், ஒரு டிரான்சிஸ்டரும் எரிஞ்சு போச்சுன்னாரு. கொழும்புல தேடியும் கிடைக்காதாம். சில்லு மேல இருந்த நம்பரை எழுதிக் குடுத்தாரு. இதோட வச்சிருக்கேன். வேணும்னா வச்சுக்குங்க, இல்லைன்னா கிழிச்சுப் போடுங்க.

நான் அடாப்டரைக் குடுத்திருந்தா இது நடந்திருக்காது. அது எனக்குத் தெரியும். நீங்க பறிக்கச் சொல்லாம இருந்தாலும் நடந்திருக்காது. அது ஒங்களுக்குத் தெரியட்டும்.

இப்ப ஒண்ணு சொல்றேன், கோவம் இல்லாமத்தான் எழுதுறேன். ஒங்களுக்கு ஜோர்ஜ் மேல பொறாமை இல்ல. என் மேலதான். நீங்க கண்ணாடிக்கு வெளியில நின்னு ஆசைப்பட்ட சாமானை நான் தொட்டுட்டேன். நீங்க ஏசி அறைக்கு வெளியில நிக்கிறப்ப நான் உள்ள போயிட்டேன். அதுதான் ஒங்களால தாங்க முடியல. ஜோர்ஜ் கெழவனா இருந்திருந்தாலும், கன்னியாஸ்திரியா இருந்திருந்தாலும் நீங்க வேற ஒரு காரணம் கண்டுபிடிச்சிருப்பீங்க.

நான் பிழையா எழுதியிருந்தா திருத்தி எழுதுங்க. காத்துக்கிட்டு இருக்கேன்.

தெரேசா

—

ரூவி,
12.4.1987

தெரேசாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுதத் தொடங்கிக் கிழித்தேன். திருத்தி எழுதுமாறு கேட்டிருந்தாய். திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நோர்வூட்காரர் மறுபடியும் லீவில் வருகிறார். அவரிடம் ஒரு சிறு டப்பா கொடுத்திருக்கிறேன். உள்ளே கறுப்புப் பஞ்சில் சில்லுகள் குத்தியிருக்கும். விரலால் தொட வேண்டாம், உடம்பில் இருக்கும் மின்சாரமே அவற்றைக் கெடுக்குமாம். டிரான்சிஸ்டர் தனிப் பொட்டலத்தில். ரூவியில் இல்லை. பெற்றீசியாவுக்குத் தெரிந்த ஒரு பாகிஸ்தானிக் கடை முத்ராவில் இருந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை அலைந்தோம். கடைக்காரர் நம்பரைப் பார்த்துவிட்டு, “அடாப்டரை மாற்றிக் குத்தினாயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான்தான் குத்தினேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் அதை மறுக்கவில்லை.

டப்பாவின் மேல் ‘திரு. ஜோர்ஜ்’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கைதான் என் மெசினைத் திறக்கப் போகிறது என்பதும் பிடிக்கவில்லை. ஆனால் ஈயத்தை உருக்கிப் பற்றாசு பிடிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் அங்கே இல்லையே.

இங்கத்தைய விசயம். ஏசி அறையில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். நான் மனேஜரிடம் போய்க் கேட்டேன். உனக்கு ஏதாவது மொழி தெரியுமா என்றார். இங்கிலீசும் சிங்களமும் தமிழும் தெரியும் என்றேன். அவர் சிரித்தார். கம்ப்யூட்டர் மொழியைத்தான் கேட்டிருக்கிறார். பம்பாயிலிருந்து ஒரு பையனை எடுத்திருக்கிறார்கள். இனி களஞ்சியக் கணக்கை அவனே அடித்துவிடுவான். என் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. யூலை முதல் வாரம் வந்து விடுவேன்.

அன்று அந்த அறையில் நின்றபோது, பேசிக், பாஸ்கல் என்று நீ எழுதியதெல்லாம் ஞாபகம் வந்தது. என் மனைவிக்குத் தெரியும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இக்னேசியஸ்

—

ஹட்டன்,
3.5.1987

அன்பு அத்தானுக்கு,

டப்பா வந்துச்சு. மெசினுக்கும் உயிர் வந்துச்சு. நேத்து நம்ம மெசின்ல பாஸ்கல் ஏறிடுச்சு!

ஒழுங்கா மொதல்ல இருந்து சொல்றேன். ஜோர்ஜ் டப்பாவை வாங்கி, மேல இருந்த தன் பேரைப் பாத்தாரு. “ஒங்க வீட்டுக்காரர் எழுத்து அழகா இருக்கு”ன்னாரு, அவ்வளவுதான். காலையில தொடங்கிப் பகல் சாப்பாடு வரைக்கும் பற்றாசு பிடிச்சாரு. பூண்டுலோயாத் தம்பி டோர்ச் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ஒங்க அண்ணனும் வந்திருந்தாரு. ஒவ்வொரு சில்லா உள்ள போகக்குள்ள மாதாவுக்கு மன்றாடினாரு, ஒதடு அசையிறது எனக்குத் தெரிஞ்சுச்சு. எல்லாம் முடிஞ்சு, நான் கொண்டு போன அடாப்டரை என்கிட்ட நீட்டி, “நீங்களே குத்துங்க”ன்னாரு ஜோர்ஜ். குத்தினேன். திரை ஒரு நிமிசம் கறுத்து, கீழ அந்தச் சின்ன எழுத்து வந்துச்சு. ஒங்க அண்ணன் வெளிய போய் மூக்கைச் சிந்திட்டு வந்தாரு. “தங்கச்சி, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது”ன்னாரு. ‘ஆம்பளைங்க கூட்டம்’னு கேட்டதைத்தான் சொல்றாருன்னு வெளங்குச்சு.

அப்புறம் கெசட்டை ஓட விட்டோம். டீவி ஓரம் முழுக்க மஞ்சளும் நீலமுமா கோடு கோடா ஓடுச்சு, அது அச்சுக்கூடக்காரரோட கலர் டீவி. பாதியில கரண்ட் கொறைஞ்சு அறுந்துச்சு. ஹட்டன் கரண்ட் தெரியுமே. மறுபடி மொதல்ல இருந்து. ரெண்டாம் தரம் ஏறிடுச்சு. அச்சுக்கூடக்காரர் எனக்காகவும் எழும்பி நின்னு கை தட்டினாரு. எனக்கு வெக்கமாப் போச்சு.

நான் கடதாசியில எழுதி வச்சிருந்த ப்ரோகிராமை அடிச்சேன். எங்க பள்ளிக்கூடத்துல மழை அளக்கிற பாத்திரம் இருக்கில்ல, அதுல போன வருசம் விழுந்த மழை. மாசத்துக்கு மாசம் எவ்வளவு மழையோ அவ்வளவு நட்சத்திரம் போடணும். மொதத் தரம் பிழைன்னு நின்னுருச்சு. ஜோர்ஜ் அது காட்டின வரியிலயே தேடிக்கிட்டு இருந்தாரு. நான், “பிழை அதுல இல்ல, மேல் வரியில முடிவுக் குறி விட்டுப் போச்சு, அது தெரியாம கீழ் வரியில முட்டிக்கிட்டு நிக்கிது”ன்னேன். “ஆமா டீச்சர்”ன்னாரு. போட்டேன். ஓடுச்சு. ஜனவரிக்கு நாலஞ்சு நட்சத்திரம், மாசி காய்ஞ்சு கெடந்துச்சு, ஜூன் வந்தப்ப வரி நெறைஞ்சு அடுத்த வரிக்கும் வழிஞ்சிருச்சு. கண்ணு மூடித் தெறக்கிறதுக்குள்ள ஒரு வருச மழையும் பேஞ்சு ஓஞ்சிருச்சு அத்தான். நீங்க பாத்திருக்கணும். அந்த நேரம் எனக்குப் பக்கத்துல நீங்க இல்லயேன்னு ஒரு கோவம் வந்துச்சு, எது மேலன்னு தெரியல.

மெசின் ஒங்களுது. அதை நான் மறக்கல. ஆனா நீங்க வந்ததும் வாங்கி அலுமாரி மேல வச்சுடுவீங்களோன்னு பயமாவும் இருக்கு. அப்படி வச்சா நான் மறுபடி எடுப்பேன். இப்பவே சொல்லி வச்சிடுறேன்.

முத்ரா முழுக்க வெயில்ல அலைஞ்ச பெற்றீசியாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்க. ஒரு தடவை சொன்னாப் போதும். பக்கத்துல உக்காந்து சொல்லணும்னு இல்ல.

இன்னொரு விசயம். யூலைக் கூட்டத்துல இருந்து, புதுசா வர்றவங்களுக்குப் பாஸ்கல் சொல்லிக் குடுக்கிறது நான்தான்னு முடிவாயிருக்கு. ஒங்க பிளைட்டும் யூலை நாலாந் திகதி காலையிலன்னு நோர்வூட்காரரு சொல்றாரு. அன்னைக்குத்தான் முதல் சனிக்கிழமை. நான் கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன் அத்தான். அண்ணன் வேன் பிடிச்சுக்கிட்டு வருவாரு. பகலுக்குப் பொறகுதான் கூட்டம். நேரா மண்டபத்துக்கு வாங்க, பெட்டியோட வந்தாலும் பரவாயில்ல. களைப்பா இருந்தா பின் பெஞ்சுல உக்காந்து தூங்குங்க. இல்லைன்னா வீட்டுக்குப் போய்ப் படுங்க, சாவி அக்காகிட்ட இருக்கும். எதைச் செஞ்சாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

சொல்ல மாட்டேன்னு எழுதிட்டேன். பாத்துக்கிட்டு இருப்பேன்.

ஒங்க
தெரேசா

—

ரூவி,
19.5.1987

தெரேசா,

இந்தக் கடிதாசியைப் பேசுற மாதிரியே எழுதுறேன். ஒபிசுத் தமிழ்ல எழுதினா எனக்கே நான் மனேஜர் மாதிரித் தெரியுது.

ஜூன் மாச நட்சத்திரத்தைப் பத்தி நீ எழுதினதை ரூம்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். ஒரு மழையும் பேயாத ஊர்ல இருந்துக்கிட்டு அதைக் கேட்டா எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாது. அடுக்குக் கட்டில்ல மேல படுக்கிற கேரளாக்காரர் ரெண்டாந் தரமும் வாசிக்கச் சொன்னாரு. “இதை எழுதினது யாரு?”ன்னு கேட்டாரு. இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு நிக்கல, “என் பெஞ்சாதி”ன்னு சொன்னேன். சொல்லக்குள்ள பெருமையாவும் இருந்துச்சு, எரிச்சலாவும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணாத்தான் வருது. எரிச்சல் போயிடும்னு ஒனக்குச் சத்தியம் பண்ண முடியாது. ஆனா அதுக்காக யார் கையில இருந்தும் எதையும் பறிக்கச் சொல்ல மாட்டேன். அதுக்குச் சத்தியம்.

பெற்றீசியாவுக்கு நன்றி சொல்லிட்டேன். நின்னுக்கிட்டே சொன்னேன்.

பின் பெஞ்சு வேணாம். முன்னால ஒரு எடம் வை. தூங்க மாட்டேன். ஒண்ணும் தெரியாம வர்றவன்தான், மத்தவங்களுக்குச் சொல்லித் தர்ற மாதிரியே எனக்கும் சொல்லிக் குடு. நான் பிழை விட்டா, எல்லாருக்கும் முன்னாடி சிரிக்காத.

ஜோர்ஜ் ஒன்னைய டீச்சர்னு கூப்புடுறாரு. சரி, அன்னைக்கு மண்டபத்துல நானும் டீச்சர்னே கூப்புடுறேன். வீட்டுக்கு வந்த பொறகு தெரேசான்னு கூப்புடுறது நான் ஒருத்தன்தான்.

இக்னேசியஸ்